பச்சை எல்லா நாளும் ஒரே அளவு

புதுக்குடியிருப்புச் சுற்றுவட்டாரத்தில் சபூறாவிடம் சீலை வாங்காத பெண் ஒருத்தி இருந்தால், சபூறா வந்த நேரம் அவள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள். வேறு காரணம் எதையும் நான் நம்ப மாட்டேன். என்னிடம் ஓர் அலுமாரி நிறையச் சீலை இருக்கிறது. வீட்டு விறாந்தையில் கணக்கு ரியூசன் நடத்துகிற எனக்கு அத்தனை சீலை எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் வாங்கினேன்.

சபூறா நீராவிப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பின்னால் ஒரு பெரிய பொட்டலம், கால் வைக்கும் இடத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் அவள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச்சுத் தொடங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் பாதி, வெளியே பாதி.

"கௌசலா டீச்சர், இண்டைக்கு நீங்க ஒண்டும் வாங்கக் கூடாது. சும்மா பாருங்கோ. வாங்கினா எனக்குக் கோவம் வரும்."

அவளுக்குக் கோபம் வரட்டும் என்றே வாங்குவேன். இப்படி எத்தனை பேரை அவள் வீழ்த்தியிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

அவள் பிறந்தது புத்தளத்தில். தாய் தகப்பன், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவிலிருந்து உடுத்த துணியோடு போனவர்கள். சண்டை முடிந்த பிறகு, தான் பார்த்தேயிராத சொந்த ஊருக்குக் கணவன் அர்ஷாக்கையும் மகள் ஸஹ்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அர்ஷாக் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். பேச்சு மிகக் குறைவு. வீட்டில் இருக்கிற பேச்சு முழுவதையும் மனைவி எடுத்துக்கொண்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு மரியாதை உருவாகிவிட்டது. அதைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. மத்தியானம் எந்த வீட்டில் நின்றாலும் அவளைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டோம். ஆனால் அவள் இஸ்லாமியப் பெண். எங்கள் இறைச்சி அவளுக்கு ஆகாது. மீன் ஆகும்தான், ஆனால் மீன் சட்டியில் நேற்று என்ன கொதித்ததோ என்று எங்களுக்கே கூச்சம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுக்கிற மரக்கறிச் சட்டியைக் கழுவி, அவளுக்கென்று தனியாக ஒரு கறி வைப்போம். அவசரத்துக்கு வேலியில் என்ன இருக்கும்? முருங்கையிலை இருக்கும். கிணற்றடியில் பொன்னாங்காணி இருக்கும். ஒரு வீடு தப்பாமல் எல்லோரும் கீரைதான் சமைத்தோம். அவளும் தட்டை வழித்துச் சாப்பிட்டு, உலகத்தில் இப்படி ஒரு கீரையை எவரும் கடைந்ததில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படி ஓடித் திரிந்தவளுக்கு இடது கால் வீங்கியது. ஸ்கூட்டியில் அதிக நேரம் இருந்ததால் வந்த வீக்கம் என்று எண்ணெய் பூசினாள். பூசிய கால் தூண் போலத் திரண்டபோதுதான் அர்ஷாக் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். காலின் ஆழத்து இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறியிருக்குமாம்.

கிளினிக்கில் இருந்தவர் சிங்கள டொக்டர். நல்ல மனிதர். வன்னிக்கு மாற்றலாகி வந்ததும் தானாகவே தமிழ் படித்தவர். எந்த நோயாளியோடும் தமிழில்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பவர். அவர் சபூறாவிடம் முதலில் கேட்ட கேள்வி காலைப் பற்றியது அல்ல.

"அம்மா, பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதா?"

ஸஹ்றாவுக்கு முன்னும் பின்னும் அவள் பிள்ளைகளை இழந்திருந்தாள். யாரிடமும் அதைப் பேசியதில்லை. அத்தனை பேச்சுக்கு நடுவிலும் அது மட்டும் வெளியே வந்ததில்லை. டொக்டர் இரத்தத்தில் மூன்று விதமான சோதனை செய்தார். மூன்றிலும் ஒரே பதில். உடம்பைக் காவல் காக்கிற சக்தியே ஆள் மாறி உடம்போடு சண்டை பிடிக்கிறது, அதனால் உறையத் தேவையில்லாத இடத்தில் இரத்தம் உறைகிறது, பிள்ளைகள் போனதற்கும் அதுதான் காரணம் என்றார். அன்று அவள் நேரே என்னிடம் வந்தாள். பொட்டலம் இல்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், அது நான் பாரம் தூக்கினதால இல்லையாம். நோன்பு பிடிச்சதாலயும் இல்லையாம். என்ட பிழை இல்லையாம்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகியது. நானும் சேர்ந்து அழுதேன். பிறகு இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

டொக்டர் கொடுத்தது வோபரின் என்ற குளிசை. பழைய மருந்து. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அதற்கு ஆயிரம் நிபந்தனை. அடிக்கடி இரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனையில் ஓர் எண் வரும். அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும். கூடினால் நிற்காமல் ஓடும். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும் என்று டொக்டர் ஒரு வசனம் சொல்லியனுப்பினார். அதைச் சபூறா பாடமாக்கியே வைத்திருந்தாள்.

"பச்சை எல்லா நாளும் ஒரே அளவு சாப்பிடுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

சபூறா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தினமும் ஒரு பச்சை மிளகாய், பாதிப் பச்சை வெங்காயம், அளந்து வெட்டிய வெள்ளரிக்காய். என் வீட்டிலும் கைப்பையிலிருந்து அந்த மிளகாயை எடுத்துக் கடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். கண்ணில் தண்ணீர் வடியும். "மருந்து டீச்சர், மருந்து," என்பாள். இங்கிலீஷ் வைத்தியத்தில் இப்படியும் ஒரு பத்தியம் இருக்கிறதா என்று நான் வியந்து போனேன். பிறகு அவளுக்கு முருங்கையிலை வறையை அள்ளி வைப்பேன்.

அந்த எண்ணோ சொன்ன சொல் கேட்கவில்லை. அவள் ஊர் ஊராகச் சுற்றிய மாதங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டினார். மழை பிடித்து அவள் வீட்டோடு இருந்த மாதத்தில் ஐந்துக்கு மேல் ஏறியது. பல் துலக்கினால் இரத்தம், கை பட்ட இடமெல்லாம் நீலம். டொக்டர் குறைத்தார். அவள் மறுபடி ஸ்கூட்டியில் ஏறினாள், எண் மறுபடி விழுந்தது. டொக்டர் தலையைச் சொறிந்தார். அர்ஷாக் வாய் திறந்து, "இந்தக் குளிசைக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றார். அவர் அந்த மாதம் சொன்ன மிக நீளமான வசனம் அது.

இதற்குள் கட்டாரில் இருக்கிற அவளுடைய தம்பி றிஃபாத் விடுமுறையில் வந்து சேர்ந்தான். கையில் புது மருந்து. இரத்தச் சோதனை இல்லை, பத்தியம் இல்லை, தினமும் ஒன்று போட்டால் போதும். அவனுடைய முதலாளிக்குக் காலில் இரத்தம் கட்டியபோது இதுதான் கொடுத்தார்களாம், முதலாளி இப்போது குதிரை ஓட்டுகிறாராம். சபூறாவுக்கு வேறென்ன வேண்டும்? பெருநாள் வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய குளிசையை நிறுத்தினாள், புதியதைத் தொடங்கினாள். டொக்டரிடம் மூச்சு விடவில்லை. பச்சை மிளகாயைக் கைப்பையிலிருந்து வெளியே எறிந்த அன்று அவள் பட்ட சந்தோசத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை. என் வீட்டு விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். சபூறா நடுவில் பாயைப் போட்டுப் பொட்டலத்தை அவிழ்த்துவிட்டாள். அன்று அவள் பிடித்த பிடியில் இரண்டு சீலை ஏற்கனவே போய்விட்டது. மூன்றாவதாக ஊதா நிறத்தில் ஒன்றை உதறி விரித்தாள்.

"இந்தக் கத்தரிக்காயைப் பாருங்கோ," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நிறத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தோம். நல்ல கத்தரிக்காய் நிறம்தான்.

"கத்தரிக்காய் உடுத்தினா," என்று தொடங்கினாள். நிறுத்தினாள். "இந்தக் கத்தரிக்காயின்ட கத்தரிக்காய்..."

விறாந்தை குலுங்கியது. நானும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். துடைத்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சீலையைப் பிடித்திருந்த வலது கை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சீலை என்ற சொல்லைத் தேடுகிறாள், அது கிடைக்கவில்லை. அவளுக்கு அது தெரிகிறது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் ஒருவரிலும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் அண்ணை ஓட்டோ வைத்திருக்கிறார். நான் போட்ட கத்தலில் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். அவளைத் தூக்கி ஏற்றினோம். நான் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கதை சபூறா, ஏதாவது பேசு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சபூறா பேசாமல் இருப்பதைப் போல ஒரு கொடுமையை என்னால் தாங்க முடியாது என்று அன்று எனக்குத் தெரிந்தது. பாதி வழியில் அவள் விரல்கள் என் கையை இறுக்கின. தொண்டையைச் செருமினாள்.

"டீச்சர், சீலையெல்லாம் மடிச்சு வைச்சனீங்களோ? மழை வரப்போகுது."

பரமலிங்கம் அண்ணை ஹோனை அழுத்திக்கொண்டே ஓட்டினார். தெருவில் போனவர்கள் என்ன கல்யாணமோ என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை முத்தமிட்டேன். பிறகு திட்டினேன். பிறகு மறுபடி முத்தமிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். சொற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பொட்டலத்தில் சீலை எண்ணுவது போல ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கரை, முந்தானை, நூல், பட்டு, சீலை, சீலை, சீலை.

தலையை ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டு மறுபடி ஓடியிருக்கிறது, இது எச்சரிக்கை, அடுத்தது இப்படித் திரும்பிப் போகாது என்றார்கள். நம்முடைய டொக்டர் ஓடி வந்தார். அர்ஷாக்கும் பம்பு எண்ணெய்க் கையோடு வந்து சேர்ந்திருந்தார்.

"என்ன குளிசை எடுத்தீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

சபூறா என்னைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து தம்பி தந்த பெட்டியை எடுத்து நீட்டினாள். டொக்டர் கோபப்படுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தார்.

"இது கெட்ட மருந்து இல்லை அம்மா. நிறையப் பேருக்கு நல்லம். உங்களுக்கு மூன்று சோதனையிலும் இருக்கு. அப்படி இருக்கிற ஆட்களுக்கு இது போதாது. இதை எடுக்கும்போதே இரத்தம் கட்டுது, மூளையில் கூடக் கட்டுது. படிச்சுப் பார்த்திருக்கிறாங்க. உங்களுக்குப் பழையதுதான் பாதுகாப்பு."

"பழையது நிக்குதில்லையே டொக்டர்," என்றார் அர்ஷாக். "ஏறுது, இறங்குது. அதாலயும் ஆபத்து, இதாலயும் ஆபத்து எண்டா நாங்க என்ன செய்யிறது?"

டொக்டர் யோசித்தார். "சாப்பாடு நான் சொன்ன மாதிரியா?"

அந்தக் கேள்வி சபூறாவுக்கு ரோசத்தைக் கிளப்பிவிட்டது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வல்லாஹி டொக்டர், ஒரு நாள் பிசகேல்ல! பச்சை மிளகாய் ஒண்டு, பச்சை வெங்காயம் பாதி, வெள்ளரிக்காய். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாய் எரிஞ்சு எரிஞ்சு திண்டனான். இந்த டீச்சர் சாட்சி!"

நான் பலமாகத் தலையாட்டினேன்.

டொக்டர் விழித்தார். "மிளகாய் ஏன்?"

"நீங்கதானே பச்சை தின்னச் சொன்னீங்க. பச்சை எண்டா அவிக்காதது."

"பச்சை... நிறம், அம்மா. இலை. கீரை!" என்றார் டொக்டர். சிங்களத்தில் இலைக்கும் பச்சை நிறத்துக்கும் 'கொள' என்று ஒரே சொல்லாம். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வந்திருக்கிறார். நாங்களோ பச்சை என்றால் சமைக்காதது என்று குசினி அடுப்படிக்குப் போய்விட்டோம். "கீரை எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"கீரையோ?" சபூறா முகம் மலர்ந்தாள். "போற வீடெல்லாம் கீரைதான் டொக்டர். எனக்கெண்டு வெள்ளிக்கிழமைச் சட்டியில தனியாச் சமைப்பினம். ஒட்டுசுட்டானில பொன்னாங்காணி, விசுவமடுவில முளைக்கீரை, டீச்சர் வீட்டில முருங்கையிலை. மலை மாதிரி அள்ளி வைப்பினம். வீட்டில நிக்கிற நாளில தொடவே மாட்டன். வீட்டில இறைச்சிதான்."

டொக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தோம். கையை எடுத்தபோது மனிதர் சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியிருந்தார். கீரையில் இருக்கிற ஒரு சத்து அந்தக் குளிசையை எதிர்த்து வேலை செய்யுமாம். ஊரெல்லாம் சேர்ந்து மரியாதை செய்யச் செய்ய மருந்து தோற்றிருக்கிறது. அவள் வீட்டில் நின்றதும் மருந்து மேலே பாய்ந்திருக்கிறது. என் முருங்கையிலை வறையைக் குற்றவாளியாக்க நான் விடவில்லை. குற்றம் பச்சை என்ற சொல்லின் பேரில்தான் என்று அங்கேயே சொன்னேன்.

"என்ட தமிழ் பிழை," என்றார் டொக்டர்.

"இல்லை டொக்டர், தமிழே அப்பிடித்தான்," என்று சபூறா அவரைத் தேற்றினாள்.

பிறகு அவர் அவளிடமே கேட்டார். பழைய குளிசை என்றால் ஊசி குத்திச் சோதனை, ஒழுங்கான சாப்பாடு, பொறுமை. புதியது என்றால் சுகம், ஆனால் இன்று நடந்தது மறுபடி நடக்கலாம். இரண்டையும் விளக்கிச் சொல்லிவிட்டேன், விருப்பம் உங்களுடையது என்றார். அர்ஷாக் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"எனக்குப் பழையதே காணும், அது போதும்," என்றாள் சபூறா. "கையில எத்தினை தரமும் குத்துங்கோ. நாக்கை மட்டும் விட்டுடுங்கோ."

பழைய குளிசை பிடிக்கும் வரை சில நாட்கள் வயிற்றில் ஊசி போட்டார்கள். அங்கேயும் அவள் சும்மா இருக்கவில்லை. வார்ட்டில் இருந்த தாதிமாருக்குச் சீலைக் கரை பற்றி வகுப்பு எடுத்தாள்.

வீடு திரும்பியதும் ஊருக்குச் செய்தி போனது: சபூறாவுக்குக் கீரை ஓர் அகப்பைதான், அதற்கு மேல் கூடாது. இதனால் கிளம்பிய மனக்கசப்பு கொஞ்சமல்ல. ஒட்டுசுட்டான் வீரகத்தியின் மனைவி, தன் பொன்னாங்காணியில் என்ன குறை என்று இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. சபூறா அவர் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, இரத்தம் எப்படி உறைகிறது என்பதில் தொடங்கி முழுவதையும் விளக்கிச் சமாதானம் செய்துவிட்டு, ஒரு சீலையையும் விற்றுவிட்டு வந்தாள். வீட்டில் நிற்கிற நாட்களில் அந்த ஓர் அகப்பைக்கு அர்ஷாக் பொறுப்பு. மனிதர் வேலியில் ஏறி முருங்கையிலை பறித்து, காம்பு காம்பாக ஆய்ந்து, தானே வறுத்தார். உப்புக் கூடிவிட்டது என்று சபூறா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

எண் அடங்கியது. முதலில் இரண்டைத் தொட்டது. பிறகு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. சோதனைக்குப் போகும்போதெல்லாம் நானும் போவேன். எண் சரியாக வந்துவிட்டால் வழியில் ஐஸ்கிறீம் சாப்பிடுவது என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். டொக்டரும் தேறிவிட்டார். இப்போது எந்த நோயாளியிடமும் கீரையின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் விடுகிறார்.

போன மாதம் அர்ஷாக்கும் சேர்ந்து மூவருமாகப் போயிருந்தோம். எண் அழகாக நின்றது. டொக்டர் குளிசையை எழுதிக்கொண்டிருந்தார். சபூறா திடீரென்று, இத்தனை நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை, அவ்வளவு சின்னதாக வந்தது.

"இது எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?"

"ஆயுள் முழுக்க, அம்மா."

அர்ஷாக் தலையைக் குனிந்தார். வாழ்நாள் முழுவதும் ஊசியும் குளிசையும் அளந்த சாப்பாடுமா என்று நினைத்துக்கொண்டேன்.

சபூறா மேசைப் பக்கம் சாய்ந்தாள். "ஆயுள் முழுக்கவோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு ஆயுள் இருக்கோ?"

டொக்டரின் பேனை நின்றது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இருக்குத்தானே. இப்படியே ஒழுங்கா எடுத்தா, எல்லாரையும் போல இருக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் உள்ளிருந்து வந்தது. எழுந்தாள், வெளியே ஓடினாள், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். விறாந்தையில் நின்று போனை எடுத்துப் கொழும்புப் புறக்கோட்டைத் துணிக்கடைக்கு அழைத்தாள். கடைக்கார அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். அப்போதுதான் அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது. கால் வீங்கிய நாளிலிருந்து அவள் அடுத்த வருசத்துக்கென்று ஒரு சீலையும் சொல்லிவைக்கவில்லை. தான் இல்லாமல் போனால் அர்ஷாக் அத்தனை சீலையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று, கையில் இருந்ததை மட்டும் விற்றுத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஓம் நானா, நான்தான் சபூறா. பெருநாளுக்கு வழமையா எடுக்கிறதில ரெண்டு மடங்கு போடுங்கோ. இல்லை, வாற பெருநாளுக்கு மட்டும் இல்லை. அதுக்கு அடுத்ததுக்கும் புதுசு வந்தா முதல் எனக்குத்தான் சொல்லோணும். அதுக்கு அடுத்ததுக்கும்!"

அர்ஷாக் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, போனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"பொட்டலம் பெரிசா வரும். லொறியில போடச் சொல்லு."